நாற்றங்காலும் நாட்காட்டியும்

கத்தரி விதையை நாற்றங்காலில் இடுவது எப்பொழுது என்னும் வினா, உழவருக்கு விடை தெரிந்த எளிய வினா. ஆண்டின் தொடக்கத்தில் என்று அவர் கூறிவிடுவார். ஆனால் எந்த ஆண்டின் தொடக்கத்தில் என்று கேட்டால், அங்கே ஒரு நெடிய வரலாறு திறந்துகொள்கிறது. அவ்வரலாற்றில் முஸ்லிம்களாகிய நமக்கு நெருங்கிய பங்கு உண்டு. ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பற்றிச் செல்வது. விதையோ ஞாயிற்றைப் பற்றிச் செல்வது. இவ்விரண்டுக்கும் இடையே ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் விலகல் ஏற்படுகிறது. இவ்விலகலை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரை வரலாற்று மாணவர்கள் அங்குள்ள குடைவரையால் அறிவர். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அக்கோயில், அவனுடைய சத்துருமல்லன் என்னும் விருதுப்பெயரைத் தாங்கி நிற்கிறது. குன்றும் பாறையும் ஏரியும் கிணறுமாகிய நிலம் அது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை நிரப்பிச் சென்றபின், மார்கழிப் பனி விலகும் தறுவாயில் காய்கறி நாற்றங்காலுக்கு உரிய காலம் வருகிறது. தைப்பட்டம் என்று உழவர் வழங்குவது இதனையே. கத்தரிக்கு டிசம்பர்-சனவரியும் மே-சூனும் ஏற்ற பருவங்கள் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் இவ்வழக்கோடு ஒத்துச் செல்கிறது. மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய தொழுவுரம் இட்டு, விதையை மணலுடன் கலந்து வரிசையாக இட்டு, வைக்கோலால் மூடிப் பூவாளியால் நீர் தெளிப்பர். முளை கண்டதும் மூடாக்கை நீக்கிவிடுவர். முப்பது முப்பத்தைந்து நாள்களில் நாற்று பிடுங்கி நடும் பதத்துக்கு வந்துவிடும். தையில் விதைத்தது மாசியில் வயலுக்குச் செல்லும். கோடை வெம்மை முற்றுவதற்குள் செடி வேரூன்றிக் காய்க்கத் தொடங்கிவிட வேண்டும். பதினைந்து நாள் பிந்தினாலும் பூ உதிரும், காய் பிடிக்காது.

இந்தப் பதினைந்து நாளை எந்த நாட்காட்டியால் அளப்பது? 2010ஆம் ஆண்டின் தை முதல் நாள் ஹிஜ்ரி 1431 முஹர்ரம் மாதத்தின் பிற்பகுதியில் வந்தது. 2026ஆம் ஆண்டின் தை முதல் நாளோ ஹிஜ்ரி 1447 ரஜபு மாதத்தின் பிற்பகுதியில் வந்தது. பதினாறு ஆண்டுகளில் ஆறு மாத விலகல்! முஹர்ரமில் கத்தரி விதைக்க வேண்டும் என்று பாட்டன் பேரனுக்குச் சொல்லிச் சென்றிருந்தால், பேரன் ஒரு காயையும் கண்டிருக்க மாட்டான். அப்படி எந்தப் பாட்டனும் சொல்லவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில், மாதங்களைப் பருவங்களோடு பொருத்துவதற்காக அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூட்டும் வழக்கம் இருந்தது என்று ஒருசாரார் கூறுவர். புனித மாதங்களை இடம் மாற்றி வைத்ததே நஸீ எனப்பட்டது என்று மற்றொரு சாரார் விளக்குவர். எதுவாயினும், சூரத்துத் தவ்பாவின் 36, 37ஆம் வசனங்கள் மாதங்கள் பன்னிரண்டே என்று வரையறுத்து, நஸீயை விலக்கின. ஹிஜ்ரி 10இல், கி.பி. 632இல், இறுதி ஹஜ்ஜின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் இதனை உறுதிப்படுத்தினார்கள். அன்று முதல் நோன்பும் ஹஜ்ஜும் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரலாயின. வடகோளத்தில் வாழ்பவர் மட்டும் என்றும் நீண்ட பகலில் நோற்கவும், தென்கோளத்தில் வாழ்பவர் மட்டும் என்றும் குறுகிய பகலில் நோற்கவும் நேராமல், முப்பத்து மூன்று ஆண்டுச் சுழற்சியில் யாவரும் சமமாயினர். வணக்கத்துக்கு இஃது அருள். ஆனால் விளைநிலத்துக்கு?

இங்கேதான் மேலைநாட்டு எழுத்தாளர் சிலர் பிழைபடுகின்றனர். பிறை நாட்காட்டி முஸ்லிம் உழவரைப் பருவம் அறியாதவராக்கிற்று என்பது போன்ற கருத்து, பொதுநூல்களில் அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. மார்க்கமே வேளாண்மையைப் பிறையோடு பிணைக்கவில்லை என்பதை அவர்கள் நோக்குவதில்லை. பொன்னுக்கும் வெள்ளிக்கும் வணிகச் சரக்குக்கும் ஸக்காத் கடமையாவதற்கு ஒரு பிறையாண்டு நிறைவுற வேண்டும். விளைச்சலுக்கோ அந்த நிபந்தனை இல்லை. அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடுமாறு சூரத்துல் அன்ஆமின் 141ஆம் வசனம் பணிக்கிறது. வானம் பொழிந்து விளைந்ததில் பத்தில் ஒன்று. ஏற்றமும் கவலையும் இறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று. காய்கறிக்கு இக்கடமை உண்டா என்பதில் இமாம்கள் வேறுபடுகின்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் காய்கறி உட்படப் பெரும்பாலான விளைபொருள்களிலும், அளவு சிறிதாயினும், உண்டு என்றார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) ஓராண்டு கெடாமல் இருக்கக்கூடிய பொருளில் மட்டுமே என்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் சேமித்து வைக்கத்தக்க முதன்மை உணவுப்பொருளுக்கே என்று வரையறுத்தார்கள். ஆக, ஹனஃபியான ஓர் இராவுத்தர் தம் கத்தரித் தோட்டத்துக்குக் கணக்குப் பார்க்கையில், ஷாஃபிஈயான ஒரு மரைக்காயர் அதே தோட்டத்துக்குக் கணக்குப் பாராமல் இருக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒன்று பொது: விளைச்சலின் கணக்கைத் தொடங்கி வைப்பது முதிர்வே, முஹர்ரம் அன்று.

மார்க்கம் தெளிவாக வைத்ததை அரசிறைதான் குழப்பியது. அப்பாசியர் ஆட்சியில் கராஜ் என்னும் நிலவரியைத் தண்டும் காலம் பாரசீக நவ்ரோஸ் நாளை ஒட்டித் தொடங்கிற்று. பாரசீக ஆண்டு 365 நாள் கொண்டது. எஞ்சிய கால் நாளை ஈடுசெய்ய நெடுங்காலத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் கூட்டும் ஏற்பாடு இருந்தது. சாசானியர் வீழ்ந்தபின் அதனைச் செய்வாரில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல நவ்ரோஸ் முன்னோக்கி நழுவி, பயிர் பச்சையாக நிற்கும் வசந்த காலத்துக்கு வந்துவிட்டது. கலீபா முத்தவக்கில் வேட்டைக்காட்டில் உலவுகையில் விளையாத பயிரைக் கண்டு, வரி தண்டத் தம்மிடம் இசைவு கேட்கின்றனரே, கதிரோ இன்னும் முற்றவில்லையே என வியந்தார் என்று அல்பீரூனீ பதிவு செய்கிறார். விளையாத பயிருக்கு வரி கட்ட உழவன் கடன்பட வேண்டும். கடன்பட்டவன் ஊரைவிட்டு ஓட வேண்டும். நாட்காட்டியின் பிழை ஒருவன் வீட்டு அடுப்பை அணைத்துவிடும். முத்தவக்கில் நவ்ரோஸைக் கோடைக்குத் தள்ளிவைக்க ஆணையிட்டார். ஆனால் ஹிஜ்ரி 247இல் கொலையுண்டார். அப்பணியை நிறைவேற்றியவர் கலீபா முஃததித். ஹிஜ்ரி 282இல், கி.பி. 895இல், வரியாண்டின் தொடக்கத்தை அவர் சூன் 11ஆம் நாளுக்கு மாற்றினார். போர்களுக்கு ஏடுகள் ஒதுக்கும் நம் வரலாற்று நூல்கள் இந்த ஒரு நாள் மாற்றத்துக்கு ஒரு வரியும் தருவதில்லை.

உழவரோ ஆணைக்குக் காத்திருக்கவில்லை. தத்தம் நாட்டில் முன்பே வழங்கிய ஞாயிற்றுக் கணக்கைத் தயக்கமின்றிக் கைக்கொண்டனர். எகிப்தில் அது கிப்திகளின் மாதக்கணக்கு. அய்யூபியர் காலத்து அதிகாரியான இப்னு மம்மாத்தி, அரசிறைக் கையேட்டில் ஒவ்வொரு கிப்தி மாதத்துக்கும் உரிய உழவுப்பணிகளைக் குறித்துள்ளார். யமனில் ரசூலித் மன்னர் அல்மலிக் அல்அஷ்ரஃப் உமர் 13ஆம் நூற்றாண்டில் பயிர்ப் பஞ்சாங்கம் ஒன்றைத் தாமே தொகுத்தார். வளைகுடா மக்கள் சுஹைல் விண்மீன் விடியற்காலையில் தோன்றும் நாளிலிருந்து பத்துப் பத்து நாள்களாக எண்ணிப் பருவம் கண்டனர். அந்த சுஹைலை நம் தமிழ் மரபு அகத்தியர் மீன் என்கிறது. மரக்கலம் செலுத்தியோரும் இவ்வாறே; இப்னு மாஜித் காற்றுப் பருவங்களை நவ்ரோஸிலிருந்து நாள் எண்ணியே குறிக்கிறார்.

அந்தலுஸில் நடந்தது இவற்றினும் சுவையானது. குர்துபாவில் கலீபா இரண்டாம் ஹகமின் காலத்தில், கி.பி. 961ஐ ஒட்டி, ஒரு நாட்காட்டி நூல் உருவாயிற்று. அதனோடு இணைத்துப் பேசப்படும் பெயர்கள் இரண்டு: ஒருவர் அரீபு இப்னு சஃது என்னும் முஸ்லிம் மருத்துவர்; மற்றவர் ரபீஉ இப்னு ஸைது என்றும் ரெசெமுண்டோ என்றும் அழைக்கப்பட்ட கிறித்தவ ஆயர். யன்னாயர் முதலாகத் தொடங்கும் இலத்தீன் மாதங்கள், அரபியரின் விண்மீன் கணக்கு, கிறித்தவத் திருநாள்கள், எப்பொழுது எதை விதைப்பது, எப்பொழுது நாற்றை நடுவது என்பன யாவும் அதில் அருகருகே நிற்கின்றன. கலீபாவின் அரண்மனைக்கு இது மார்க்கத்துக்கு முரணாகத் தோன்றவில்லை. தைப்பட்டம் என்று சொல்வதற்கே நம்மில் சிலர் அண்மைக் காலமாகக் கூசுகின்றனர் என்பதால் இதனை எடுத்துரைக்கிறேன். தை என்பது ஞாயிற்றின் ஓர் இருக்கைக்குப் பெயர். பட்டம் என்பது விதைப்புக்கு உரிய காலத்துக்குப் பெயர். அதில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை.

மக்ரிபு நாடுகளின் சிற்றூர்களில் அந்த யன்னாயர் இன்னும் உயிரோடு உள்ளது. பழைய ஜூலியன் கணக்கின் முதல் நாளாகிய அது, இன்றைய கணக்கில் சனவரி 12, 13, 14 ஆகிய நாள்களில் கொண்டாடப்படுகிறது. அல்ஜீரியா 2018இலும் மொராக்கோ 2024இலும் அதற்கு அரசு விடுமுறை வழங்கின. அவர்களின் உழவாண்டு பிறக்கும் அதே நாள்களில் நமக்குத் தை பிறக்கிறது. இரு வேறு கணக்கு முறைகள் தற்செயலாகச் சந்திக்கும் இடமே இது. இதற்குமேல் பொருள் கற்பிப்பது கூடாது.

சனவரியில் நமக்குக் குளிர் பகையன்று. அந்தலுஸ் உழவருக்கோ அதுவே பெரும்பகை. கத்தரி வெப்பநாட்டுச் செடி. அதன் பிறப்பிடம் ஆசியாவின் இப்பகுதியே. வடமொழியில் வாதிங்கண என்றும் பாரசீகத்தில் பாதிங்கான் என்றும் அரபியில் அல்பாதின்ஜான் என்றும் வழங்கிய பெயர், இசுபானியத்தில் பெரென்ஹேனா ஆகி, காத்தலான் வழியாகப் பிரெஞ்சில் ஓபர்ஜீன் ஆயிற்று. போர்ச்சுகீசியர் வாயில் பெரிஞ்செலா ஆகி, அவர்களுடன் கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பி வந்து, ஆங்கிலேயரின் பிரிஞ்சால் ஆயிற்று. இத்துணைப் பயணத்துக்கும் இடையில் தமிழில் அது கத்தரியாகவே இருந்தது. செடியையும் பெயரையும் மேற்கே கொண்டுசென்ற அரபியர், அதனை ஐரோப்பியக் குளிரில் முளைக்கவைக்கும் வழியையும் எழுதி வைத்தனர்.

அவ்வழியை எழுதியோருள் தலையாயவர் துலைத்துலா நகரத்து இப்னு பஸ்ஸால். 11ஆம் நூற்றாண்டினரான அவர், அந்நகரத்து மன்னர் மஃமூனின் தோட்டத்தைப் பேணியவர். ஹஜ்ஜுப் பயணம் மேற்கொண்டவர். 1085இல் துலைத்துலா காஸ்தில் மன்னன் வசமானபோது இஷ்பீலியாவுக்குப் பெயர்ந்தார். அவருடைய நூல் நீரையும் நிலத்தையும் எருவையும் வகைபிரித்து ஆராய்ந்து தொடங்குகிறது. முன்னோர் கூற்றுகளை அடுக்கிக் காட்டும் வழக்கத்தை விடுத்து, தாம் செய்து கண்டதையே பேசுவது அதன் தனிச்சிறப்பு. குளிர்காலத்திலேயே நாற்று வளர்ப்பதற்கு அவர்கள் கையாண்ட முறை எளியது. குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றின் புதிய சாணத்தைக் குவித்துப் படுகை அமைப்பர். புதிய சாணம் புளிக்கும்போது தானே சூடேறும். அதிலும் குதிரைச் சாணம் மாட்டுச் சாணத்தைவிட மிகுதியாகச் சூடேறும். அச்சூடு கீழிருந்து விதைக்கு வேனிலை ஊட்டும். வெயில் படும் இடமாகத் தேர்ந்து, இரவுக் குளிரில் மூடிவைத்துப் பேணி, குளிர் நீங்கியபின் நாற்றைப் பிடுங்கித் தோட்டத்தில் நடுவர். கத்தரியும் சுரையும் இவ்வாறு வளர்க்கப்பட்டன. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம், இப்னு பஸ்ஸாலையும் பிறரையும் திரட்டிப் பெரியதொரு கிதாபுல் ஃபிலாஹாவை இயற்றினார். 1802இல் மத்ரீதில் அரபி மூலத்தோடு இசுபானிய மொழிபெயர்ப்பாக அது அச்சேறியது. பழங்கால ஆர்வத்தினால் மட்டும் அன்று, நாட்டின் உழவுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தினாலும் அவர்கள் அதனை அச்சிட்டனர்.

பசுமைக்குடிலைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே என்று மேடைகளில் முழங்குவோர் உளர். வரலாறு அதற்கு இடந்தராது. உரோமப் பேரரசன் தைபீரியசுக்கு ஆண்டு முழுதும் வெள்ளரிக்காய் வேண்டும் என்பதற்காக, உருளைகள் பூட்டிய பாத்திகளை வெயிலுக்குத் தள்ளியும் ஒளி ஊடுருவும் கல்தகட்டால் மூடியும் வளர்த்தனர் என்று பிளினி கூறுகிறார். கொரியாவில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட சங்கா யோரோக் என்னும் நூல், தரைக்கடியில் தீமூட்டி எண்ணெய்த்தாள் பலகணி அமைத்துக் குளிர்காலத்தில் கீரை வளர்க்கும் குடிலை விளக்குகிறது. ஆண்ட்ரூ வாட்சன் 1974இலும் 1983இலும் முன்வைத்த, முஸ்லிம் ஆட்சியில் ஒரு வேளாண் புரட்சி நிகழ்ந்தது என்னும் கொள்கை நம்மவரிடையே பெரிதும் வரவேற்கப்பட்டது. அவர் குறிப்பிட்ட பயிர்களுள் சில முன்பே அங்கு அறியப்பட்டவை என்று மைக்கேல் டெக்கர் 2009இல் சான்றுகாட்டி மறுத்ததை நம்மவர் அவ்வளவாகப் படிக்கவில்லை. இரண்டையும் படிப்பதே முறை. தைபீரியசின் வெள்ளரிக்காய் ஒருவனுடைய உணவுமேசைக்கு விளைந்தது. அந்தலுஸின் சாணப்படுகைக்குக் கல்தகடும் வேண்டியதில்லை, அரசனும் வேண்டியதில்லை. ஒரு கழுதை இருந்தால் போதும். முதன்மை என்னும் புகழைவிட இந்த எளிமையே பேசத்தக்கது என்பது என் கருத்து.

அந்த அந்தலுஸின் அல்மரீயா நகரத்தில்தான் இப்னு லுயூன் 14ஆம் நூற்றாண்டில் வேளாண்மையைச் செய்யுளாக யாத்தார். இன்று அல்மேரியா எனப்படும் அம்மாநிலத்தில் 30,000 ஹெக்டேருக்கும் மேலான நிலம் நெகிழித்தாள் குடில்களால் மூடப்பட்டு, விண்வெளியிலிருந்து நோக்கினும் வெண்மையாகத் தெரிகிறது. அக்குடில்களில் நாற்று நடுவோருள் பெருந்தொகையினர் மொராக்கோவிலிருந்து சென்ற முஸ்லிம் தொழிலாளர். 2000 பிப்ரவரியில் அங்குள்ள எல் எஹீதோ நகரில் அவர்களின் இருப்பிடங்களும் கடைகளும் தாக்கப்பட்டன.

இனிச் செஞ்சிக்குத் திரும்புவோம். 1649இல் பீஜப்பூர் அடில்ஷாகிப் படை செஞ்சியைக் கைப்பற்றியது. அடில்ஷாகிகளின் ஆவணங்களில் வழங்கியது சுஹூர் சன் என்னும் ஆண்டு. பெயரும் எண்ணும் அரபியில் இருப்பினும், கணக்கு ஞாயிற்றுக்கணக்கு; சூரியன் மிருகசீரிடத்தில் புகும் சூன் தொடக்கத்தில் அவ்வாண்டு பிறக்கும். தக்காணத்து உழவர் முதல்மழையை எதிர்நோக்கும் காலம் அது. 1677இல் சிவாஜி செஞ்சியை வென்றார். மராத்தியரும் அதே சுஹூர் சன்னைத் தம் ஆவணங்களில் தொடர்ந்து எழுதினர். ஆட்சியாளரின் சமயம் மாறியும் நிலத்தின் ஆண்டு மாறவில்லை. 1698இல் நெடிய முற்றுகைக்குப்பின் சுல்ஃபிகார்கான் கோட்டையைப் பிடித்ததும் முகலாயரின் முறை வந்தது. அம்முறைக்குப் பசலி என்று பெயர். ஃபஸ்ல் என்னும் அரபிச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். அறுவடை என்னும் பொருளும் வழக்கில் உண்டு.

பிறையாண்டுக் கணக்கில் இறை தண்டினால் முப்பத்திரண்டு விளைச்சல் கண்ட உழவன் முப்பத்துமூன்று முறை வரி கட்ட நேரும். இக்கொடுமையை நீக்கும் பொருட்டே அக்பர் பசலி ஆண்டை ஏற்படுத்தினார். அவர் அரியணை ஏறிய ஹிஜ்ரி 963ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்பின் ஞாயிற்றாண்டாக எண்ணுமாறு செய்தார். தக்காணத்தில் ஷாஜகான் இதனைப் புகுத்தியபோது, நடப்பிலிருந்த ஹிஜ்ரி 1046ஐ, அதாவது கி.பி. 1636ஐ, தொடக்கமாகக் கொண்டார். அதனால் வடநாட்டுப் பசலிக்கும் தென்னாட்டுப் பசலிக்கும் ஈராண்டுக்கு மேல் வேறுபாடு உண்டு. நமக்கு வந்தது ஷாஜகானின் பசலி. கி.பி. ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் நம் பசலி கிடைக்கும்.

ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் செஞ்சிச் சீமையின் வரவுசெலவு இந்தப் பசலியில் ஓடியது. 1714இல் தேசிங்கு சாதத்துல்லாகானை எதிர்த்து மடிந்ததும், தோழன் மகபத்கான் அவனுக்காக உயிர்நீத்ததும் நாட்டார் கதைப்பாடலாக ஊரெங்கும் பரவியுள்ளன. அப்போரின் வேர் கப்ப நிலுவை என்பது கதையின் ஓசையில் அமுங்கிப் போகிறது. செஞ்சிக் கோட்டையுள் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் பழைய களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. 2025 சூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராத்தியப் படைத்தலங்களுள் இக்கோட்டையும் ஒன்று. வருவோர் பலரும் பள்ளிவாசலின் முகப்பை நோக்குவர். களஞ்சியத்தை ஒரு நொடி எட்டிப்பார்த்துச் செல்வர். அதை நிரப்பிய கணக்கைப் பற்றிக் கேட்பாரில்லை.

ஆங்கிலேயர் வந்தனர், பசலியை ஒழிக்க அவர்களாலும் இயலவில்லை. சென்னை மாகாணத்தில் ஆடித் தொடக்கத்தை ஒட்டிப் பிறந்துவந்த அதனை, 1855இல் சூலை முதல் நாளுக்கு நிலைப்படுத்தினர். அவ்வளவே. 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தபின்னும் பசலி ஒழியவில்லை. ஆண்டுதோறும் வட்ட அலுவலகங்களில் ஜமாபந்தி நடப்பதும் பசலிக் கணக்குக்கே. பசலி, ஜமாபந்தி, தாலுக்கா, வசூல், பாக்கி, ரயத்து என்று ஒரு சிற்றூரின் நிலக்கணக்கு முழுவதும் அரபி, பாரசீகச் சொற்களால் நிறைந்திருப்பதைப் பார்க்கும்போது, நம் பண்பாட்டு வரலாற்றைக் கல்வெட்டிலும் காப்பியத்திலும் மட்டுமே தேடுவது போதாது என்று தோன்றுகிறது.

2025 சூன் இறுதியில் ஹிஜ்ரி 1447 பிறந்தது. சில நாள்களில், சூலை 1ஆம் நாள், பசலி 1435 பிறந்தது. ஷாஜகான் காலத்தில் ஒரே எண்ணாக இருந்த இரண்டும், 389 ஆண்டுகளில் பன்னிரண்டு ஆண்டு விலகியிருக்கின்றன. அந்தப் பன்னிரண்டும் உழவர் விளைவிக்காத, பிறை மட்டுமே கண்ட ஆண்டுகள். செஞ்சி வட்டத்தில் தையில் இட்ட கத்தரி நாற்று, மாசியில் நடப்பட்டு, பசலி முடிவதற்குள் காய்த்து ஓய்ந்துவிடும். இப்போது பலர் நாற்றங்கால் போடுவதில்லை. நிழல்வலைக் குடிலில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்ந்த நாற்றை விலைக்கு வாங்கி நடுகின்றனர். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் 2004-05இல் தொடங்கிய துல்லியப் பண்ணைத் திட்டம் இதனைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. அந்தலுஸில் குளிரைத் தடுக்க மூடினர். இங்கே வெயிலைத் தடுக்க மூடுகின்றனர். எந்த நாற்றாயினும், கிராம நிர்வாக அலுவலர் அதனை அடங்கலில் பயிராகப் பதியும்போது, ஏட்டின் தலைப்பில் பசலி எண் நிற்கும்.